வரிசை தவறாத கண்டக்டர்

முண்டியடிக்கும் யாரையும் அந்தக் கண்டக்டர் பஸ்ஸில் ஏற விட்டதில்லை. அன்று காலை நெஞ்சு இறுகி, வலி இடது கைக்கு இறங்கியபோதும், புறநோயாளிப் பிரிவில் வரிசையின் கடைசியில்தான் போய் நின்றார்.

"இப்படி வேர்த்துக் கொட்டுதே, நர்ஸம்மாகிட்ட சொல்லுங்களேன்," என்றாள் மனைவி.

"இங்க எல்லாரும் நோவோடதானே நிக்கிறாங்க? சும்மா இரு."

அவள் சும்மா இருக்கவில்லை. ஓடிப்போய்ச் சொன்னாள். நர்ஸ் சக்கர நாற்காலியோடு விரைந்து வந்தார்.

"நெஞ்சுவலின்னா நேரா அவசரப் பிரிவுக்கு வரணும் ஐயா. அங்க முதல்ல வந்தவங்க முதல்ல இல்ல, யாருக்கு ஆபத்தோ அவங்கதான் முதல்ல."

முன்னால் நின்றவர்களைப் பார்த்துக் கண்டக்டர் தயங்கினார். காலில் கட்டுப் போட்டிருந்தவர் ஒதுங்கி வழிவிட்டார்.

"தினமும் உங்க வண்டிதான் சார். படியில நிக்காதீங்க, உள்ள போங்க!"

அதட்டியே பழகியவருக்கு அந்த அதட்டல் புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார்.