இணைப்பில்லாத கிளட்ச்

எஞ்சினை ஓடவிட்டு, காருக்கடியில் மல்லாந்து படுத்திருக்கிறார் மெக்கானிக். நீண்ட ஸ்குரூடிரைவரின் கைப்பிடி அவர் பற்களுக்கிடையில். முனை கியர்பாக்ஸின் மேல். உள்ளே சக்கரங்கள் தேயும் சத்தம் தாடை எலும்பு வழியாக மண்டைக்குள் வந்து சேருமாம். "காது பொய் சொல்லும்யா. பல்லு சொல்லாது." அக்கம்பக்கத்தில் அவர் பெயரே பல்லு மெக்கானிக். முன்பல் ஒன்று தொழிலுக்குக் காணிக்கையாகிவிட்டது.

பழைய கார்களில் கையால் போடும் கியரை எடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் வைப்பதுதான் அவர் வேலை. தரைத்தகட்டை வெட்டி அகலப்படுத்தி, பெரிய பெட்டியை உள்ளே நுழைத்து முடிப்பதற்குள் முதுகு கழன்றுவிடும். கிளட்ச் மிதி போய்விடும். பிரேக்குக்கு அகலமான மிதி வரும். முதல் நாளில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுண்டு. கியர் மாற்றும் நினைப்பில் இடது கால் கிளட்சைத் தேடிப்போய் பிரேக்கை அழுத்திவிடும். கார் குத்திட்டு நிற்கும். "காலுக்குத் தனி புத்தி. நம்ம பேச்சைக் கேக்காது" என்று சிரிப்பார்.

தையல்கார அம்மாவின் நீலக் காரிலும் அதுதான் நடந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கு இடது கால் இல்லை. சர்க்கரை நோயில் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். வீட்டையும் காரையும் விற்றுவிட்டுத் தன்னோடு கூட்டிப்போக மகள் தயாராக இருந்தாள். "கார் ஓடுனா நான் என் வீட்ல. ஓடலன்னா மக வீட்டு மூலையில. பாத்துச் செய்யி தம்பி" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாள்.

வெள்ளோட்டத்தில் முதல் தெருமுனையிலேயே கார் குத்திட்டு நின்றது.

"இடது காலால மிதிச்சீங்களாம்மா?" பக்கத்து சீட்டிலிருந்த மெக்கானிக்குக்கு வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது.

"எதை? ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்தேனே, அதையா?"

அவளுடைய வலது கால் ஆக்சிலரேட்டரை விட்டு நகரவில்லை. அவர் குனிந்து பார்த்தார். பிரேக் மிதி முழுக்க அமுங்கிக் கிடந்தது. பிறகு, யாரோ காலை எடுத்ததுபோல, மெல்ல மேலே வந்தது.

பிரேக் முழுவதையும் கழற்றி மாட்டினார். அவர் தனியாக ஓட்டினால் கார் தங்கம். அவள் உட்கார்ந்தால் மட்டும், கியர் மாற்றவேண்டிய இடமெல்லாம் பார்த்து, மிதி தானாக இறங்கியது.

"அந்தக் கால் இன்னும் அரிக்குதுப்பா" என்றாள் அவள், சாலையைப் பார்த்தபடி. "சொறியப் போனா போர்வைதான் கையில வருது."

மறுநாள் மகள் வருவதாக இருந்தது.

"பேசாம சாவியத் திருப்பிக் குடுத்துருங்க. எனக்குக் குலை நடுங்குது" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

"பேயுமில்ல பிசாசுமில்லடி. பழகுன காலு. மிதிக்க எடமில்லாம அல்லாடுது. எடம் குடுத்தாப் போச்சு."

கழற்றிப்போட்ட கிளட்ச் மிதியைக் குவியலிலிருந்து தேடியெடுத்தார். பிரேக் மிதியை ஒடுக்கி, இதைப் பழைய இடத்திலேயே பொருத்தினார். மேலே எழும்ப ஒரு சுருள்வில், புதிதாக ஒரு ரப்பர் உறை. கம்பி கிடையாது. எதனோடும் இணைப்பு கிடையாது.

மறுநாள் அம்மா மகளை ஏற்றிக்கொண்டு மேடேறி, இறங்கி, திரும்பிக் காட்டினாள். கார் எங்கும் நிற்கவில்லை. மகள் சாலையையே பார்த்திருந்தாள். பின்சீட்டிலிருந்த மெக்கானிக் எல்லாப் பக்கமும் பார்த்தார், கீழே மட்டும் பார்க்கவில்லை.

போன வாரம் அந்த அம்மா ஆயில் மாற்ற வந்தாள். தன் வீட்டிலிருந்துதான், தனியாக.

"இப்பல்லாம் அரிப்பே இல்ல தம்பி."

அவர் கதவைத் திறந்து குனிந்தார். கிளட்ச் மிதியின் ரப்பர், பெருவிரல் படும் பக்கமாகத் தேய்ந்து வழுவழுத்திருந்தது. அலமாரிக்குப் போய், அங்கிருந்த ரப்பர்களை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே மெத்தென்றிருந்ததை எடுத்துவந்து மாட்டினார்.