கடைசிச் சூராவின் ஆறு வசனங்கள்

எனக்குக் குர்ஆன் ஓதித்தந்த மாமி, உப்புக்குளத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருந்தார். என் வேகத்தைப் பார்த்து, இந்தப் பிள்ளை மார்க்கம் படித்த பெரிய ஆலிமாவாகத்தான் வரும் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பாவம், அவர்களுக்கு விஷயம் தெரியாது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன உம்மா, புறப்படும்போது என் தலையைத் தடவி, "நீங்க குர்ஆன முடிக்கிற அண்டைக்கு நான் வந்து நிப்பன் மகள்" என்று சொல்லியிருந்தார். நான் ஓதியதெல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை குர்ஆனை முடித்தால், புது உடுப்பு உடுத்தி, கூட ஓதுகிற பிள்ளைகளுக்கெல்லாம் இனிப்புக் கொடுப்பார்கள். இனிப்புத் தட்டோடு உம்மா வாசலில் நிற்பதை நினைத்து நினைத்தே குர்ஆனின் முப்பது பாகங்களில் இருபதை ஓடிக் கடந்துவிட்டேன்.

பிறகு உம்மாவின் அழைப்புகள் குறைந்தன. ஒரு நாள் வாப்பா மீன்பிடித் தொழிலுக்குப் போய் வந்து, "போன் கடலுக்குள்ள விழுந்திட்டுது" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. நான் முடித்த பிறகும் உம்மா வராவிட்டால்? முடிக்காத வரைக்கும் அவர் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. முடித்துவிட்டால் அதுவும் இல்லை.

அதன் பிறகு எனக்கு அடிக்கடி தலைவலி வந்தது, வயிற்றுவலி வந்தது. இழுத்து இழுத்துக் கடைசி அத்தியாயமான கடைசிச் சூராவுக்கு வந்து சேர்ந்தேன். ஆறே ஆறு சின்ன வசனங்கள். தினமும் தொழுகையில் ஓதுவது, நான்கு வயதுப் பிள்ளையும் மனப்பாடமாகச் சொல்லும். அதில் போய் இரண்டு கிழமை திக்கினேன். மாமி வாப்பாவிடம் முறையிட்டார். செருப்பைக் கவிழ்த்துப் போட்டாலே கத்துகிற வாப்பா, "இருக்கட்டும், பிள்ளை ஆறுதலா, மெல்ல மெல்ல ஓதட்டும்" என்றதோடு சரி.

ஒரு பின்னேரம் மாமி சின்னப் பிள்ளைகளுக்கு அதே சூராவைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் சேர்ந்து ஓத, பழக்கதோஷத்தில் என் வாயும் கூடவே போய்க் கடைசி வசனத்தில்தான் நின்றது.

"மாஷா அல்லாஹ், முடிச்சிட்டா!" மாமி என்னைக் கட்டிப்பிடித்தார். நான் உதறிக்கொண்டு ஓடிப்போய்ப் பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்தேன். கொழும்பு பஸ் வந்தது. ஒரு கிழவரும் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் இறங்கினார்கள். பிறகு பஸ் போய்விட்டது.

வாப்பா தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் பிழையா ஓதிட்டன் வாப்பா. முதல்ல இருந்து திரும்ப ஓதுறன்" என்று அழுதேன்.

"ஓம் மகள், முதல்ல இருந்து ஓதுங்கோ" என்றபோது அவருடைய குரல் உடைந்திருந்தது. பிழை விட்டதற்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளே முதல் பாகத்தைத் திறந்தேன்.

வளர்ந்த பிறகு, வாப்பாவின் அலுமாரியில் பழைய சேர்ட்டுகளுக்கு அடியில் அந்தப் போன் கிடந்தது. அதில் ஈரமே பட்டிருக்கவில்லை. இனி வரமாட்டேன் என்று உம்மா சொன்ன கடைசி அழைப்பைப் பற்றி அன்றைக்குத்தான் வாப்பா வாய் திறந்தார். நான் முடிக்கப்போகும் நாளுக்கு என்னைவிட அதிகமாகப் பயந்த ஒருவர் அந்தப் பஸ் தரிப்பிடத்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் என்பது, அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.