நாலா, அஞ்சா: நிலானியின் கணுக்கால் வழக்கு

1. பார்க்காத ஆட்டத்துக்கு மார்க்

"டாக்டரா, யல்லா, சீக்கிரம்! யெஸ் ஆர் நோ?"

கமிட்டித் தலைவர் மேசையைத் தட்டினார். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்று அந்த அரபிப் பெரியவரிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அரபியில் 'டாக்டரா' என்றால் பெண் டாக்டர், இங்கே வெள்ளைக் கோட் போட்ட பெண்ணெல்லாம் டாக்டராதான்.

ஷார்ஜாவில் பெண்கள் கல்லூரிகளுக்கான கூடைப்பந்துப் போட்டி. எட்டு அணிகள். சீடிங் என்றால் வரிசை இடம். பலமான அணி ஒன்று, நோஞ்சான் எட்டு. முதல் சுற்றில் ஒன்றாம் இடம் எட்டாம் இடத்தோடு மோதும், இரண்டு ஏழோடு மோதும், அப்படியே உள்ளே உள்ளே போகும். காயம்பட்ட பெண்களெல்லாம் என்னிடம்தான் வருவார்கள். யார் ஆடுவாள், யார் ஆடமாட்டாள் என்று கமிட்டிக்குச் சொல்ல வேண்டியதும் நான்தான்.

இதில் ஒரு கூத்து உண்டு. ஆட்டம் நடக்கும் ஹாலுக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. உள்ளே வரும் பெண்களின் போனையும் வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள், ஆகவே வீடியோவும் கிடையாது. கமிட்டியில் இருந்த மூன்று பேரும் ஆண்கள்! ஒரு ஆட்டத்தைக்கூடக் கண்ணால் பார்க்காமல், லீக் ஆட்டங்களின் ஸ்கோரை மட்டும் வைத்து அவர்கள் வரிசை போட்டார்கள்.

அந்த வரிசையில்தான் வதனியின் அணி மாட்டியது. வதனி யாழ்ப்பாணத்துக்காரி, கோச், என் சிநேகிதி. அவளுடைய நட்சத்திரம் நிலானி ஆடியவரை அணி எல்லா ஆட்டத்தையும் வென்றது. நிலானிக்கு வலது கணுக்கால் பிசகியதும் எல்லாவற்றையும் தோற்றது. ஸ்கோரைப் பார்த்த கமிட்டி எட்டாம் இடம் என்றது. எட்டு என்றால் முதல் நாளே போன தடவை கோப்பை வாங்கியவர்களோடு மோத வேண்டும்.

"இந்த முறையும் முதல் ரவுண்டில வெளியில வந்தால் காலேஜில டீமைக் கலைச்சுப்போட்டு ஹாலை பேட்மின்டனுக்குக் குடுக்கப் போயினமாம், ஜெசி," என்று வதனி காலையிலேயே என்னிடம் அழுதிருந்தாள்.

ஒரே ஒரு வழி இருந்தது. காயம்பட்டவள் திரும்பி வந்துவிட்டால், அவள் இல்லாதபோது வந்த தோல்விகளைக் கமிட்டி பெரிதாக எடுத்துக்கொள்ளாது. ஆக எல்லாம் அந்தக் கணுக்காலில் நின்றது.

"ஓடிப் பார்க்காமல் சொல்ல முடியாது," என்றேன்.

"ஓகே, ஓடட்டும். நானும் பார்க்கணும்," என்றார் தலைவர்.

எங்கே? ஹாலுக்குள் அவர் வர முடியாது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வதனிதான் துள்ளி எழுந்தாள்: "கீழ பார்க்கிங் இருக்குதுதானே!"

2. பேஸ்மென்ட் ஒலிம்பிக்ஸ்

அபாயாவும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக நிலானி தூண்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடினாள். ஒற்றைக் காலில் தத்தினாள். கூட வந்த பெண்கள் கைதட்டிக் கூச்சல் போட்டதில் ஒரு லேண்ட் குரூசரின் அலாரம் அலற ஆரம்பித்தது. செக்யூரிட்டி பாய் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

"பார்க்கிங்ல ஸ்பீட் லிமிட் இருக்கு, சிஸ்டர்!" என்று இந்தியில் கத்தினார்.

தலைவர் சிரித்துக்கொண்டே கைதட்டினார். "மாஷா அல்லா! நம்பர் ஃபோர்!"

வதனி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன், பொய் சொல்வானேன். குதித்துக்கொண்டே நிலானியைப் பார்த்தேன். சந்தோஷத்தில் அவளும் எம்பி எம்பிக் குதித்தாள். ஒவ்வொரு முறையும் இடது கால்தான் முதலில் தரையைத் தொட்டது. வலது கால் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தது.

"பாதி ஆட்டம் ஆடலாம். முழுசா ஆடக் கூடாது," என்றேன்.

"ஆன்ட்டி, சீரியஸ்லி, ஐ ஆம் ஃபைன்!" என்றாள் நிலானி.

தலைவர் தோளைக் குலுக்கினார். "பாதியா? அப்போ நம்பர் ஃபைவ். கலாஸ், முடிஞ்சது."

வதனி என்னைப் பிடித்துத் தின்னாத குறை. "ஏன்டி இப்பிடிச் சொன்னனீ? கையில வந்த நாலாம் இடத்தைத் தட்டிப் பறிச்சுப்போட்டியே!"

"அவ காலு சொன்னத நான் சொன்னேன், கேட்டியா? தரையில இறங்கும்போ அந்தக் காலு பயப்படுது, வதனி."

"நான் உன்னோட கதைக்கமாட்டன்!"

சொன்னதோடு நிற்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டுமே இருந்த 'கராக் டீ' வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியேறினாள். என்னை மட்டும் உறுப்பினராக வைத்துக்கொண்டு அந்தக் குரூப் அநாதையாகக் கிடந்தது.

மறுநாள் ஹால் வாசலில் ஆட்டப் பட்டியலை ஒட்டினார்கள். வதனி நின்று படித்தாள். திரும்பப் படித்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"அடியே ஜெசி! நாலாம் இடமும் அஞ்சாம் இடமும்தானடி மோதுது! நாலெண்டாலும் அஞ்செண்டாலும் எங்களுக்கு இதே மட்ச் தானே!"

வித்தியாசம் ஒன்றே ஒன்று, நான்காம் இடத்துக்கு வெள்ளை ஜெர்சி. "வெள்ளை ஜெர்சிக்காடி நான் உன்னைப் பேசினனான்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபம் வந்தால் கூட்டல் கழித்தல்கூட மறந்துபோகும் போலிருக்கிறது.

3. பாதி ஆட்டம்

ஆனால் பாதி என்றால் பாதிதான். முதல் பாதி முழுக்க நிலானியை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். எதிரணி கூடை போடும்போதெல்லாம் வதனி ஓடி வந்தாள்.

"இப்ப விடட்டோ?"

"பொறு."

"இப்ப?"

"பொறுடி!"

இரண்டாம் பாதியில் இறக்கினோம். மற்றவர்களுக்கெல்லாம் மூச்சு வாங்கியது, நிலானி மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள்போல் இருந்தாள். கிடுகிடுவென்று ஸ்கோர் ஏறியது. கடைசி நொடிகளில் ஒரே ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். பந்து நிலானியிடம். இரண்டு பேரை ஏய்த்துவிட்டு எம்பினாள்.

ஹாலே பந்தைப் பார்த்தது. நான் அவள் பாதத்தைப் பார்த்தேன். இரண்டு கால்களும் ஒன்றாக, பயமில்லாமல் தரையில் இறங்கின. கர்த்தரே, எனக்கு அது போதும் என்றிருந்தது! அப்புறம்தான் கூச்சல் காதில் விழுந்தது, பந்தும் உள்ளே போய்விட்டது என்று தெரிந்தது. வதனி என்னைத் தூக்கிச் சுற்றினாள். பேட்மின்டன்காரர்கள் வேறு ஹால் தேடிக்கொள்ளட்டும்.

வாசல் கதவு தடதடவென்று அதிர்ந்தது. தலைவர் வெளியே தவித்துக்கொண்டிருந்தார். "டாக்டரா! டாக்டரா! யார் ஜெயிச்சது?"

கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினேன். "நம்பர் ஃபைவ். கலாஸ்!"

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கோச் கட்டிப்பிடிப்பார், தலைவர் கைதட்டுவார், ஆடுகிற பெண்ணே 'ஐ ஆம் ஃபைன்' என்பாள். நீங்களும் கூடச் சேர்ந்து குதியுங்கள், தப்பில்லை. கண்ணை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பந்தைப் பார்க்க ஒரு ஹாலே இருக்கிறது, காலைப் பார்க்க நாம் மட்டும்தான் இருக்கிறோம்.