தெரேசம்மா கணித்தது தப்பவில்லை

போன புதன்கிழமை பாகூர் கடைத்தெருச் சுவரில் கறுப்புக் கட்டம் போட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்தது. முதியோர் பள்ளியில் படித்த தைரியத்தில் யாரையும் கேட்காமல் நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். வாசிக்க வருகிறதே என்று முகமெல்லாம் சிரிப்பு. பெயரை முடித்த பிறகுதான் உறைத்தது. நம் வைத்தியசாலை நர்ஸ் தெரேசம்மா இறந்துவிட்டார்.

அவரிடம் பல வருஷம் ஏவல் வேலை பார்த்தவன் நான். "மருந்து அப்புறம், மொதல்ல ஆளப் பாரு" என்பார். பாம்புக்கடியோ காய்ச்சலோ, வந்தவரை வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்த பிறகே மருந்துப் பெட்டியைத் திறப்பார்.

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த மறுவருஷக் கோடையில், தூர்வாரும்போது கிணறு சரிந்து நம் ஊர்க் கூலியாள் ஏழுமலை இடுப்புவரை மண்ணில் புதைந்தான். காலையில் புதைந்தவனை உச்சிவேளைக்குத்தான் தோண்டி எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. தொடைகள் கல்லாக வீங்கியிருந்தன. ஆனாலும் சிரித்தான்.

"மண்ணு நல்லா புடிச்சி வுட்டுடுச்சும்மா. வூட்டுக்கு அனுப்பு."

தெரேசம்மா சிரிக்கவில்லை. என்னைத் தனியே அழைத்தார்.

"கோவிந்தா, நசுங்குன சதை கரைஞ்சி ரத்தத்துல கலக்குது. காலப் பாக்காத, மூத்திரத்தப் பாரு. தண்ணி குடுத்துக்கினே இரு. சாயங்காலம் வெளுத்து, அளவும் ஏறுனா பொழைச்சான். கருப்பாவே கொறைஞ்சா கிட்னி நிக்கப் போவுதுன்னு அர்த்தம். ஒடனே பாண்டிக்கு அனுப்பணும், நரம்புல தண்ணி ஏத்தணும்."

முதல் சீசாவில் பிடித்தது கடுங்காப்பி நிறம். அதை ஜன்னலில் வைத்துவிட்டு ஒரு பிரசவத்துக்குப் போனார்.

சாயங்காலம் ஏழுமலைக்குச் சீசாவில் நாலு விரல் அளவுகூடச் சிறுநீர் போகவில்லை. அதுவும் கருப்பு. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நாளைக்கு எம்பொண்ணுக்கு மஞ்ச நீரு. என்ன பாண்டிக்கு ஏத்திட்டா சபையில யாருண்ணே நிப்பாங்க? இதுல கொஞ்சம் தண்ணி ஊத்திக் காட்டுண்ணே."

"இன்னாடா இது வெளயாட்டு?"

"தண்ணிதானேண்ணே, வெஷமா?"

பானையில் மொண்டு ஊற்றினேன். ஒரு தகப்பனுக்கு உதவுகிறோம் என்று நினைத்தேன். தெரேசம்மா திரும்பி வந்து சீசாவை வெளிச்சத்தில் பிடித்தார். "பரவால்லியே" என்று முகம் மலர்ந்தார். அவனைப் புதுச்சேரிக்கு அனுப்பவில்லை.

விடிந்தபோது அவன் முகம் உப்பியிருந்தது. வாந்தி நிற்கவில்லை. ஒரு சொட்டுச் சிறுநீர் இறங்கவில்லை. அதன் பிறகுதான் வண்டியில் ஏற்றினோம். மூன்றாம் நாள் புதுச்சேரியில் இறந்தான்.

அவன் தம்பி வந்து வாசலில் நின்று கத்தினான்: "சீசாவப் பாத்து ஜோசியம் சொன்னியே, பலிச்சுதா?"

 அதற்குப் பிறகு தெரேசம்மா எந்தச் சீசாவை எடுத்தாலும் என்னிடம் நீட்டுவார். "நீ பாத்துச் சொல்லு கோவிந்தா. என் கண்ண நம்ப முடியல." நானும் பார்த்து, நிறத்தைச் சொல்வேன். உண்மையைச் சொல்ல ஒவ்வொரு முறையும் வாய் வரைக்கும் வரும். வேலை போய்விடும் என்ற பயம் முதலில். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயம்.

அடக்கத்தன்று பெட்டியருகே யாரோ சொன்னார்கள்: "நல்லவங்கதான். ஏழுமலை விஷயத்துலதான் கணிப்பு தப்பிடுச்சி." அங்கேயும் வாய் மூடியே நின்றேன்.

இதை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அவரை அறிந்தவர்களே, தெரேசம்மாவின் கண் ஏமாறவில்லை. நான் ஏமாற்றினேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது, அவர் சுமந்த அந்தப் பழி ஒன்றைத்தான். இனி அந்தப் பேச்சு வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.