எனக்குச் சுகர் மட்டும்தான்

என் உடம்பில் ஒரு குறையும் கிடையாது, சுகர் மட்டும்தான் என்று இருபது வருடமாகச் சொல்லி வந்தவன் நான். நோயாளி என்றால் படுத்துக் கிடக்க வேண்டும், பக்கத்தில் கஞ்சி ஆறிக்கொண்டிருக்க வேண்டும். நானோ மில்லில் ஷிப்டு ஷிப்டாக நின்று தறி ஓட்டியவன். எழுபதைத் தாண்டியும் மூலக்குளம் மார்க்கெட்டுக்குக் காய் வாங்க நடந்தேதான் போகிறேன். கால் வலி என்று ஒருநாள் முனகியிருப்பேனா? வலியே இல்லாதவனை நோயாளி என்றால் கோபம் வராதா?

என் மனைவிக்கு இந்தப் பேச்சு ஆகாது. "வலிக்கலன்னு பெருமையா சொல்லாதீங்க. எனக்கு அதான் பயமா இருக்குது" என்பாள். நான் காதில் வாங்கியதில்லை.

போன மாதம் மாத்திரை வாங்க இருவரும் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸில் சரியான கூட்டம். இறங்கி, மத்தியான வெயிலில் நடந்து, வரிசையில் நின்று எங்கள் முறை வந்ததும் நர்ஸம்மா கேட்டார்.

"உடம்பு எப்படி இருக்குதுய்யா?"

"எனக்கு என்னாம்மா, கல்லு மாதிரி இருக்கேன்."

"இன்னொரு செருப்பு எங்கய்யா?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. பஸ் நெரிசலிலேயே கழன்றிருக்க வேண்டும். அவ்வளவு தூரம் கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. உள்ளங்காலில் பெரிய கொப்புளம். "கூடவே வந்தேன், நானும் பாக்கலியே" என்று மனைவி தன்னையே திட்டிக்கொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது.

"காலுல உணர்ச்சி கொறஞ்சிடுச்சு. புண்ணு முத்துனா விரலை எடுக்க வேண்டி வரும்" என்ற நர்ஸம்மா, கட்டுப் போட்டுவிட்டு என் மனைவிக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவள் பஞ்சால் உள்ளங்காலைத் தொட வேண்டும். தொடுவது தெரிந்தால் நான் சொல்ல வேண்டும்.

கொப்புளம் ஆறிவிட்டது, சோதனை நிற்கவில்லை. தினமும் காலைக் காபி முடிந்ததும், தன் முழங்கால் வலியோடு மெல்லத் தரையில் உட்கார்ந்து, என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். கூச்சமாக இருக்கும், பிடித்தும் இருக்கும். ஆனால் பஞ்சு படுவதுதான் தெரிவதில்லை. தெரியவில்லை என்றால் அவள் முகம் வாடிவிடுகிறது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அதனால் நேற்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, குத்துமதிப்பாக ஒரு நேரம் பார்த்து, "தெரியுதுடி, நல்லா தெரியுது" என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்லீங்க" என்றாள்.