முனை தேயும் செருப்பு

என் செருப்புக் கடையின் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மா காலை எடுத்து வைப்பார். தெரிந்த பிள்ளை இருந்தால் அப்படியே திரும்பிவிடுவார். எதிரே உள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரியில், பிள்ளைகளின் மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவர்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். நடைபாதையில் கோணி விரித்துத் தொடங்கி, இன்று மூன்று கடைக்கு முதலாளி. செருப்பைத் திருப்பிப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். ஊருக்கெல்லாம் குதிகாலில் தேயும், இவருக்கு முனையில். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு தரையில் மண்டியிட்டு, பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடுகிற உத்தியோகம்.

"டாக்டரம்மா, வீட்ல உள்ளவங்களுக்கும் சேர்த்து வாங்கிக்கங்க" என்றேன் ஒருமுறை.

"டாக்டர் இல்லைங்க, மருந்தெல்லாம் எழுத மாட்டேன். வீட்லயும் ஒரு ஜோடி கால்தான்."

தெருவில் பிள்ளைகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திமிர் என்று நினைத்தேன். எனக்கு வணக்கம் வைக்காதவன் இந்தத் தெருவில் கிடையாது. கேட்டே விட்டேன்.

"நான் சிரிச்சா, யாரு அதுன்னு கூட இருக்கறவங்க கேப்பாங்க. பாவம், அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? அதுவா வந்தா பேசுவேன்."

"வருதுங்களா?"

"தேறின பிறகு எதுக்குங்க வரணும்?" என்று சிரித்தார்.

மழைக்காலத்தில் ஒரு தாய் வந்து ஒற்றை ஷூ கேட்டாள். எலும்பில் கட்டி வந்து மகளின் இடது காலை எடுத்துவிட்டார்களாம். செயற்கைக் காலை மாட்ட மாட்டேன் என்று போர்வைக்குள்ளேயே கிடக்கிறாளாம். "எதிர் ஆஸ்பத்திரி மேடம்கிட்ட மட்டுந்தான் வாயைத் திறக்கறா."

"கூட்டிட்டு வாம்மா. ரெண்டு காலுக்கும் நானே மாட்டி விடறேன்" என்றேன்.

போன வாரம் அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து புதுச் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தத் தாயின் மகள் வந்தாள், தோழிகளோடு, கொஞ்சம் சாய்ந்து நடந்து. தாய் வாசலிலேயே நின்று, இவள்தான் என்று எனக்குச் சைகை காட்டினாள். கடை ஆட்களை விலக்கிவிட்டு நானே மாட்டினேன். இடது பாதம் சில்லென்று விறைத்திருந்தது.

எழுந்த பெண் அந்த அம்மாவைப் பார்த்தாள். ஒரு கணம். பிறகு தோழிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எப்படிடி இருக்கு?"

"ஷூ சூப்பர். நடைதான் வாத்து மாதிரி" என்றாள் ஒருத்தி.

"போடி, எந்த வாத்துக்குடி இவ்ளோ காசு போட்டு ஷூ வாங்கித் தராங்க?"

கடையே சிரித்தது. இவளைத் தேற்றியவர் இவர்தான் என்று தோழிகளிடம் சொல்லிவிட என் நாக்கு துறுதுறுத்தது. அடக்கினேன்; என் ஆயுளில் அது பெரிய சாதனை.

தரையோடு சாய்த்து வைத்த கண்ணாடியில் கால்கள் மட்டுமே தெரியும். அந்த அம்மா தலை நிமிராமல் அதையே பார்த்திருந்தார். ஷூவைப் பார்க்க அந்தப் பெண் கண்ணாடி முன்னால் வந்து நின்றாள்.

அவர் தம் கால்களைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டார், கண்ணாடி முழுவதும் அந்த இரண்டு ஷூக்களுக்கென்று விட்டு.