அரைப்போத்தல் மண்ணெண்ணெயும் குதிரைவீரனும்

பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் மண்ணெண்ணெய்ப் புகை ஜன்னலால் வந்தபோது, மகன் கைபேசிப் போர் விளையாட்டில் நான் அமைத்த படையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, உந்தக் குதிரைவீரனை விடுங்கோ. இணையத்திலை போட்டிருக்கிற தரவரிசைப் பட்டியலிலை அவன்தான் கடைசி."

எனக்கு உரும்பிராய்ச் சந்தியில் இருந்த தகரக் கொட்டகை நினைவுக்கு வந்தது. மின்சாரம் இல்லாத அந்தப் போர்க்கால நாட்களில், வீட்டு விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் அரைப்போத்தல் கொண்டுபோய் ஜெனரேற்றருக்குள் ஊற்றினால், அது தீரும்வரை அங்கிருந்த ஒரே கணினியில் போர் விளையாட்டு விளையாடலாம். தீர்ந்ததும் திரை அணைந்து ஆட்டம் அழிந்துவிடும். பெடியள் எல்லாரும் கனத்த கவசக்காரரையே தெரிவுசெய்வார்கள், அவர்கள் கட்டம் கட்டமாக நடந்து பாதி வழி போகமுன் எண்ணெய் தீர்ந்துவிடும். நான் வேகமாகப் பாயும் குதிரைவீரனைத் தெரிவுசெய்தேன்.

"ஒரு அடி தாங்கான், பிள்ளை!" என்று பின்னால் சிரித்தார்கள்.

தாங்கவில்லைதான். ஆனால் ஜெனரேற்றர் இருமத் தொடங்கியபோது, கொஞ்ச உயிரோடு அவன் எதிரிக் கோட்டை வாசலில் நின்றான். அங்கே எங்கள் கொடி ஏறியதைக் கண்ட பிறகுதான் திரை இருண்டது.

இன்று அந்தக் கொட்டகை இல்லை. பட்டியல் போட்டவர்கள் ஒருநாளும் மண்ணெண்ணெய் ஊற்றி விளையாடியிருக்க மாட்டார்கள்.

"அவன் நிக்கட்டும்," என்றேன். "முன்வரிசையிலை."